'இலவச' ரிசார்ட் தங்கல்: அந்த ஃபார்வர்டில் பாதிதான் உண்மை

"மூன்று நாள் ரிசார்ட் இலவசம். ஒன்றரை மணி நேரம் பேச்சைக் கேட்டால் போதும். டைம்ஷேரில் கையெழுத்துப் போட்டாலும் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்து முழுப் பணத்தையும் வாங்கிவிடலாம்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. டைம்ஷேர் என்பது ரிசார்ட் அறையை ஆண்டுதோறும் சில நாள் பயன்படுத்தும் உரிமையை விலைக்கு வாங்குவது. அந்தப் பேச்சு, அதை விற்பதற்கான கூட்டம்.

தங்கல் பெரும்பாலும் பொய்யில்லை. ஆனால் நிபந்தனைகள் இருக்கும்: கணவன், மனைவி இருவரும் வர வேண்டும், குறிப்பிட்ட வருமானம் வேண்டும், வரியும் முன்பணமும் தனி. கூட்டத்துக்குப் போகாவிட்டால் அறையின் முழு வாடகையையும் வசூலிப்பார்கள். ஒன்றரை மணி நேரம் என்பதும் சும்மா பேச்சுக்குத்தான். வேண்டாம் என்றதும் அடுத்த மேலாளர் புது விலையோடு வந்து உட்காருவார்.

கடைசி வரிதான் ஆபத்தானது. ரத்து செய்யும் உரிமைக்குக் கெடு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 நாள். அந்த நாட்களில் முன்பணம் வாங்கவே கூடாது என்கிறது 2008-ஆம் ஆண்டு விதி. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 10 நாள். ரத்தை எழுத்தில் அனுப்ப வேண்டும், வாயால் சொன்னால் செல்லாது. கெடு தாண்டினால் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம், நீங்கள் போனாலும் போகாவிட்டாலும். அது ஏறவும் ஏறும். சரி, விற்றுவிடலாம் என்றால், வாங்கிய விலையில் சிறு பகுதி கிடைப்பதே அபூர்வம்.

சலுகைக் கடிதத்தின் பொடி எழுத்திலும், ஒப்பந்தத்தின் ரத்துப் பிரிவிலும், உங்கள் ஊர் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பின் தளத்திலும் இதைச் சரிபார்க்கலாம். உறுதியாக 'வேண்டாம்' சொல்லத் தெரிந்தவருக்கு அந்தத் தங்கல் லாபமாகவே முடியலாம், அது வேறு விஷயம். ஆனால் இந்தச் செய்தியை மேலும் அனுப்பாதீர்கள்.