அரிசி ஆலை வேறு, வயல் வேறு

நேற்று எல்லோரும் பகிர்ந்த அந்தப் படத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். "எண்ணெய்க்குக் கையேந்திய இந்தியா இன்று உலகுக்கே எண்ணெய் விற்கிறது" என்ற வரி சரியில்லை என்று சொன்னதற்கு, நாடு முன்னேறுவது எனக்குப் பொறுக்கவில்லை என்று பதில் வந்தது. அந்தப் பதிலுக்கு விருப்பம் இட்டவர்களில் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர்களும் இருந்தார்கள். வலித்தது.

நாம் விற்பது நம்முடைய எண்ணெய் அன்று. 2023-24இல் நம் மண்ணிலும் கடலிலும் எடுத்த கச்சா எண்ணெய் 3 கோடி டன்னுக்கும் குறைவு; வெளியிலிருந்து வாங்கியது 23 கோடி டன்னுக்கும் மேல். அதை குஜராத்தின் ஜாம்நகர் போன்ற இடங்களில் சுத்திகரித்து, உள்நாட்டுத் தேவை போக, டீசலாகவும் பெட்ரோலாகவும் விற்கிறோம். அது பெரிய திறமை, அதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் ஊரார் நெல்லை வாங்கி அரைத்து விற்கும் ஆலைக்காரருக்கு அதனால் ஒரு குழி நிலமும் சொந்தமாகிவிடாது.

2022 ஜூன் மாதத்தை நான் மறக்கவில்லை. மேட்டூர் அணை அந்த ஆண்டு மே 24ஆம் தேதியே திறக்கப்பட்டதால் டெல்டாவில் குறுவை வேலை முன்கூட்டியே தொடங்கிவிட்டது. பக்கத்து ஊர் பங்க்கில் 'டீசல் இல்லை' என்று எழுதிய அட்டையைச் சணல் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பாதி சேறடித்த வயலில், சேற்றில் ஓட்டும் இரும்புச் சக்கரம் (கேஜ் வீல்) மாட்டிய டிராக்டர் நிற்க, அப்பா இருபது லிட்டர் கேனோடு நான்கு நாள் அலைந்தார். அதே நாட்களில் கப்பல் கப்பலாக டீசல் வெளியே போனது. உள்ளூர் விலையைவிட வெளிநாட்டில் லாபம் அதிகம்.

"அதற்குத்தான் அரசு வரி போட்டதே" என்பீர்கள். போட்டது, மறுக்கவில்லை. 2022 ஜூலை 1 முதல் ஏற்றுமதியாகும் டீசலுக்கு லிட்டருக்கு 13 ரூபாய், பெட்ரோலுக்கு 6 ரூபாய். மூன்று வாரத்திற்குள் பெட்ரோலுக்கு முழுவதும் நீக்கினார்கள், டீசலுக்குக் குறைத்தார்கள். 2024 டிசம்பரில் எல்லாமே ரத்து. அந்நியச் செலாவணி வருகிறது என்பதும் உண்மைதான். ஆனால் வயல் காய்ந்தவனிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

ராஜஸ்தானின் பார்மரில் எடுக்கும் கச்சா எண்ணெயை ஏற்றுமதி செய்ய அனுமதி கேட்டு கெய்ர்ன் இந்தியா நிறுவனம் தொடுத்த வழக்கை 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நாடு தற்சார்பு அடையும்வரை கச்சா எண்ணெய் வெளியே போகக் கூடாது என்பதுதான் அரசின் நிலைப்பாடு. கச்சா எண்ணெய்க்கு இருக்கும் அந்த நியாயம், தட்டுப்பாட்டுக் காலத்திலாவது டீசலுக்கு ஏன் இல்லை? நான் கேட்பது இவ்வளவே.

"உங்கள் ஊரில் எண்ணெய் எடுக்க வந்தால் மட்டும் எதிர்க்கிறீர்களே" என்று இன்னொருவர் எழுதியிருந்தார். நாகை பக்கத்து நரிமணத்தில் பல பத்தாண்டுகளாக எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். காவிரிப் படுகை முழுவதையும் தோண்டினாலும் அந்த 23 கோடி டன் பள்ளம் நிரம்பாது, எங்கள் நிலம்தான் போகும். அப்பாவின் வயலைக் கொடுத்தால்தான் எனக்கு நாட்டுப்பற்று இருப்பதாக ஒப்புக்கொள்வீர்களா?

வெளியிலிருந்து எண்ணெய் வராமல் போனால் சமாளிக்க அரசு கச்சா எண்ணெய் சேமிக்கும் விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் நிலத்தடிக் கிடங்குகளின் மொத்தக் கொள்ளளவு 53.3 லட்சம் டன். முழுதாக நிரப்பி வைத்தாலும், 2019-20 நுகர்வை வைத்து அரசே சொன்ன கணக்குப்படி, நாட்டின் ஏறக்குறைய ஒன்பதரை நாள் தேவைக்குத்தான் வரும். படத்தை நீக்கச் சொல்லவில்லை. அதன் கீழே இந்த ஒன்பதரை நாளையும் எழுதிப் பகிருங்கள்.