கேரட் பாத்தியிலிருந்து அணை வரை

சென்ற ஐப்பசியில் ஊட்டியிலிருந்து எமரால்டு போகும் வழியில் மழைக்கு ஒதுங்கி நின்ற கால் மணி நேரமும் எதிரே இருந்த கேரட் தோட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாத்திகள் சரிவின் போக்கிலேயே மேலிருந்து கீழாகப் பிடிக்கப்பட்டிருந்தன. மழை வலுத்ததும் பாத்திகளின் இடைவெளி ஒவ்வொன்றிலும் செம்மண் குழம்பு இறங்கியது. ஓரத்து வேலிக் கல்லின் அடியில் ஒரு சாண் அளவு வேறு நிறத்தில் தெரிந்தது. ஒரு காலத்தில் மண்ணுக்குள் இருந்த பகுதி அது.

நீலகிரியில் எது நடந்தாலும் மழையின் மேல் பழியைப் போட்டுவிடுகிறோம். 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் மலை சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள்; 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும் என்பதால், இத்தகைய மழை இனி அடிக்கடி வரும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் விழுந்த மழையில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்கும், எவ்வளவு வழிந்தோடும் என்பதை முடிவு செய்வது நிலம்.

சோலையும் புல்வெளியும் இருந்த இடத்தில் வேர்ப்பின்னலும் மட்கிய இலைதழையும் நீரை உறிஞ்சி, சதுப்பில் தேக்கி, மெதுவாக ஓடைக்கு விட்டன. வெறும் மண்ணில் மழைத்துளி நேரடியாக அறையும்போது நுண்துளைகள் அடைபட்டு, மேற்பரப்பில் ஏடு படிகிறது. நீர் உள்ளே போக வழியின்றி ஓடுகிறது, ஓடும்போது மேல்மண்ணையும் இழுத்துச் செல்கிறது. அடுத்த மழையைச் சந்திப்பது அந்த மேல்மண்ணை இழந்த இறுகிய அடிமண்தான். ஆகவே அதே அளவு மழைக்கே ஆண்டுக்கு ஆண்டு வெள்ளம் கூடும்; மழையும் கூடினால் கேட்கவே வேண்டாம்.

உடனே மரம் நடுவோம் என்பார்கள். எந்த மரம் என்பதையும் கேட்க வேண்டும். ஊட்டி அருகே கிளென்பர்னில் புல்வெளியாகவே விடப்பட்ட ஒரு நீர்ப்பிடிப்பையும், கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்ட இன்னொன்றையும் மண்வள ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகள் ஒப்பிட்டு அளந்தார்கள். மரம் நட்ட பக்கம் முதல் சுற்றில் நீர்வரத்து 16 சதவீதமும், வெட்டித் தழைத்த இரண்டாம் சுற்றில் 25 சதவீதமும் குறைந்தது. கோடைக்கால ஊற்றோட்டம்தான் அதிகம் அடிவாங்கியது. வழிந்தோட்டம் குறைந்தாலே நல்லது என்ற கணக்கு இங்கே செல்லாது. (வனமகோத்சவ மரம் நடு விழாப் படம் போடுபவர்கள் கோபிக்க வேண்டாம்.)

விவசாயியைத் திட்டுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. குறுக்கே பாத்தி பிடித்தால் நீர் தேங்கிக் கிழங்கு அழுகும் என்ற அவருடைய அச்சம் உண்மையானது. வடிகாலோடு கூடிய படிமேடையும் கல் வரப்பும் இருந்தால் அந்த அச்சத்துக்கு வேலையில்லை. ஆனால் அவற்றுக்குச் செலவு அதிகம். காய்கறி நிலத்தில் கணிசமானது குத்தகைக்கு ஓடுகிறது, இரண்டு போகம் எடுத்துவிட்டு நிலத்தைத் திருப்பிக் கொடுக்கப்போகிறவர் எதற்காகக் கல் அடுக்குவார்? இந்தச் சரிவுகளின் மண் போய்ச் சேரும் குந்தா அணையில் சேறு சேர்ந்துவிட்டது, தூர் வார வேண்டும் என்ற பேச்சு மட்டும் விடாமல் வருகிறது. தூர் வாரச் செலவாகும் பணத்தில் ஒரு பங்கையாவது, மேலே இருக்கும் சரிவுகளில் நில உரிமையாளரும் குத்தகைக்காரரும் சேர்ந்து கையெழுத்திட்டு அமைக்கும் கல் வரப்புகளுக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.