தெரிந்துகொண்ட பாத்திரம்

அன்ரி: என்ன தம்பி, சனிக்கிழமை விடியவே மடிப்புக் குலையாத சேட்டோட? உதவிக்கு வந்தனியோ?

தம்பி: இல்லை அன்ரி. வேதப்புத்தகத்தைக் கோயிலில மறந்துபோய் விட்டிட்டன், எடுத்துக்கொண்டு ஓடோணும். தலைமைத்துவ மாநாடு! நேற்றே போய் அட்டை வாங்கியாச்சு. பெரிய எதிர்பார்ப்போட போறன். ஆண்டவர் இண்டைக்கு என்னை ஒரு பாத்திரமா எடுத்துப் பாவிக்கப்போறார்.

அன்ரி: நல்லதாப் போச்சு. நாளைக்குச் சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுற அன்பின் விருந்துக்கு ஒண்டு குறையுது.

தம்பி: அந்தப் பாத்திரம் இல்லை அன்ரி! வேதத்தில அப்போஸ்தலர் 9இல, பிறகு பவுலான சவுலைத் தெரிவுசெய்து ஆண்டவர் சொன்னது. தெரிந்துகொண்ட பாத்திரம்.

அன்ரி: நானும் தெரிஞ்சுதான் எடுத்து வச்சிருக்கிறன். பின்பக்கம் போய்ப் பார், ரெண்டு கிடாரம். போன ஞாயிறு அடிப்பிடிச்சது. ஊறப்போட்டு ஆறு நாள். இப்ப இலையான் மொய்க்குது.

தம்பி: எனக்கு வாலிபர் ஊழியத்தில பாரம் இருக்கு அன்ரி. சரியான பாரம்.

அன்ரி: கிடாரமும் பாரம்தான். தனியத் தூக்க ஏலாமல் இழுத்துக்கொண்டு போய், நிலமெல்லாம் கீறல்.

தம்பி: மாநாடு எங்க தெரியுமே? பௌத்தாலோக மாவத்தை. பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபம்!

அன்ரி: ஓ, 1976இல அணிசேரா நாடுகளின்ர மாநாடு வச்ச இடம். எங்கட சபையும் அணிசேராச் சபைதான் ராசா. விருந்து முடிஞ்சு கழுவுற நேரம் வந்து பார், ஒருத்தரும் ஒரு பக்கமும் சேராயினம்.

(இடையில நான் ஒண்டு சொல்லோணும். மாநாட்டுக் காலம் வந்தால் வெள்ளவத்தைப் பக்கம் கதிரை அடுக்க ஆள் பிடிக்கிறது கஷ்டம். எல்லாரும் தலைவர்மார். அன்ரிமார் மட்டும் தரிசனம் ஒண்டும் கிடைக்காமல் குசினியில நிக்கினம்.)

தம்பி: இண்டைக்கு முதல் செய்தியே நெகேமியா. 52 நாளில எருசலேம் மதிலைக் கட்டி முடிச்ச மனிசன். அதுதான் தலைமைத்துவம்!

அன்ரி: எங்கட குசினிப் பைப் ஒழுகத் தொடங்கி எத்தினை நாள்? உன்ர கமிட்டிதானே?

தம்பி: அது... கூட்டக் குறிப்பில கிடக்கு.

அன்ரி: நெகேமியா மூண்டாம் அதிகாரமும் வாசிப்பினமோ? எந்தத் துண்டை ஆர் கட்டினது எண்டு பேர் பேராக் கிடக்கு. தட்டார் கட்டினவை, தைலக்காரர் கட்டினவை. சல்லூம் தன்ர பொம்பிளைப் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வந்து கட்டினவர். தெக்கோவா ஊர்ப் பிரபுக்கள் மட்டும் வேலைக்குக் கழுத்தைக் குடுக்கேல்லை.

(தம்பி கழுத்தில தொங்கின அட்டையை மெல்லத் திருப்பிவிடுறார். மற்றப் பக்கத்திலயும் 'தலைவர்' எண்டுதான் கிடக்கு.)

அன்ரி: பரவாயில்லை, நீ குடுத்திட்டாய். அட்டைக்கு.

தம்பி: அன்ரி, ஓட்டோ வந்து நிக்குது...

அன்ரி: போ, போ. மத்தியானச் சாப்பாடு தருவினமோ?

தம்பி: பஃபே அன்ரி. ஏழு கறியாம்!

அன்ரி: பாத்திரம் ஆர் கழுவுறது?

தம்பி: அதுக்கெல்லாம் அங்க ஒரு அம்மா இருக்கிறா.

அன்ரி: அவவை நான் சுகம் கேட்டதாச் சொல்லு.