கர்னலின் வரம்பு எண்ணை மெஷின் பூட் ஆகும்போது, அதாவது எழுந்திருக்கும்போது, கேட்டால் என்ன குறைந்துவிடும்?

சனிக்கிழமை கூட்டத்தில் நடந்தது வந்திருந்தவர்களுக்குத் தெரியும், முழுக்கதையையும் திரும்ப எழுதப் போவதில்லை. நம் கம்ப்யூட்டர் போர்டின் கர்னலில் (மெஷினை நடத்தும் மையப் புரோகிராம்) அதிகபட்சம் எத்தனை ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்), எத்தனை திறந்த ஃபைல், நெட்வொர்க்குக்கு எத்தனை பஃபர் (டேட்டாவைத் தற்காலிகமாக வைக்கும் இடம்), இந்த மூன்று எண்களையும் பூட் வரியிலேயே (கர்னல் எழுந்திருக்கும்போது அதற்குக் கொடுக்கும் வரி) கொடுக்கும்படி ஒரு பெண் பேட்ச், அதாவது சோர்ஸில் ஒரு திருத்தம், எழுதிக் கொண்டுவந்தார். இப்போது அந்த எண்களை மாற்ற வேண்டுமென்றால் சோர்ஸைத் திருத்திக் கர்னலைக் கம்பைல் செய்து புதிதாகக் கட்ட வேண்டும். "கர்னல் கம்பைல் பண்ணத் தெரியாதவங்களுக்கு சர்வர் பக்கம் என்ன வேலை?" என்று ஒருவர் கேட்டார், பாதிப் பேர் சிரித்தார்கள். பேட்சை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

நான் சொல்வது ஒன்றுதான். சோர்ஸின் ஹெடர் ஃபைலில் வரம்பு 64 என்று எழுதி வைக்கிறவருக்கு என் மெஷினில் எவ்வளவு மெமரி இருக்கிறது, அதில் என்ன ஓடப்போகிறது என்று தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தவரிடம் கேளுங்கள், மெஷின் எழுந்திருக்கும்போது கேளுங்கள்.

1975-இல் வந்த ஆறாம் பதிப்பு யூனிக்ஸில் ப்ராசஸ் டேபிளுக்கு (ஓடும் ப்ராசஸ்களின் பட்டியல்) 50 இடம், அது சோர்ஸிலேயே எழுதப்பட்ட எண். அன்றைக்கு மெஷின் வைத்திருந்தவர்களிடமே சோர்ஸும் இருந்தது, சரி. லினக்ஸ் 2.2 வரைக்கும் இதே ப்ராசஸ் வரம்பு ஹெடரில் 512 என்று உட்கார்ந்திருந்தது. 2001 ஜனவரியில் வந்த 2.4 அதைத் தூக்கிவிட்டு, பூட் ஆகும்போது மெமரியைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டது, பிறகு நாமும் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டது. ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகையில், பூட் ஆகும்போது படிக்கப்படும் லோடர் கான்ஃப் ஃபைலில் ஒரு வரி போதும். இவர்களுக்கெல்லாம் கம்பைல் செய்யத் தெரியாதா?

கம்பைல் செய்வது பெரிய வித்தை இல்லை, செய்துவிடலாம். அதற்குப் பிறகு வருவதுதான் பிரச்சினை. முன்பு நான் வேலைக்குப் போன ஓர் இடத்தில் ஒரே ஓர் எண்ணைக் கூட்டுவதற்காக யாரோ சொந்தமாகக் கர்னல் கட்டி வைத்திருந்தார்கள். கட்டியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். கர்னலைக் கட்ட அவர் வைத்திருந்த கான்ஃபிக் ஃபைல் (எதை எப்படிச் சேர்ப்பது என்ற பட்டியல்) கிடைக்கவில்லை. செக்யூரிட்டி அப்டேட் வரும்போதெல்லாம், போட்டால் பழைய எண் திரும்பி வந்து டேட்டாபேஸ் எழுந்திருக்காதோ என்று பயந்து அப்படியே விட்டுவிட்டார்கள். ஓர் எண்ணுக்காக ஒரு மெஷின் முழுவதும் ஓட்டைகளோடு ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கு செக்யூர் பூட் (கையெழுத்திட்ட கர்னலை மட்டுமே எழுப்பும் ஏற்பாடு) இருக்கும் மெஷினில் நீங்களே கட்டிய கர்னலுக்குக் கையெழுத்தும் நீங்களே போட வேண்டும், அந்தச் சாவியையும் நீங்களே பாதுகாக்க வேண்டும். பூட் வரியில் ஓர் எண் என்றால் இது எதுவுமே இல்லை.

தப்பான எண்ணைக் கொடுத்தால் மெஷின் எழுந்திருக்காதே என்பார்கள். எழுந்திருக்காமல் போகலாம்தான். பழைய சோலாரிஸில் (அதுவும் ஒரு யூனிக்ஸ்) ஈடிசி சிஸ்டம் என்ற ஃபைலில் ஷேர்டு மெமரி (பல ப்ராசஸ்கள் பகிர்ந்துகொள்ளும் மெமரி) அளவை ஒரு வரியில் எழுதி ரீபூட் செய்வோம். அதைக் கெடுத்துவிட்டால், கேள்வி கேட்டுக்கொண்டே எழுந்திருக்கும்படி பூட் செய்து, சிஸ்டம் ஃபைல் எது என்று கேட்கும் இடத்தில் டெவ் நல் (எதுவுமே இல்லாத வெற்று ஃபைல்) என்று கொடுத்தால் போதும், மெஷின் வந்துவிடும். லினக்ஸில் கர்னலை ஏற்றிவிடும் க்ரப் என்ற புரோகிராமில் ஈ அழுத்தி அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் வரியைத் திருத்தலாம். கம்பைல் செய்த எண் தப்பென்றால் எதை அழுத்துவீர்கள்?

ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றும்படி வைக்கலாமே என்றும் சொல்வார்கள். முடிகிற இடத்தில் வையுங்கள், சந்தோஷம். ஆனால் 1 ஜிபி ஹியூஜ் பேஜ் (ஒரே துண்டாக எடுக்கும் பெரிய மெமரிப் பகுதி) வேண்டுமென்றால் மெமரி துண்டு துண்டாவதற்கு முன்னால் எடுத்து வைப்பதுதான் நிச்சயம், அது பூட் நேரம். டேபிளை அப்போதே ஒதுக்கிவிட்டால் அப்புறம் அளவு மாறாது, உள்ளே இருக்கும் கோடும் எளிமையாகவே இருக்கும். அந்தப் பெண்ணின் பேட்ச் செய்ததும் இதைத்தான்.

கர்னலே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும் என்பவர்களோடு எனக்குப் பாதி சம்மதம். மெமரி எவ்வளவு என்று அதற்குத் தெரியும், நாளைக்கு அதில் மெயில் சர்வர் வருமா டேட்டாபேஸ் வருமா என்று தெரியாது. லினக்ஸில் ஷேர்டு மெமரி வரம்பு 2014-இல் 3.16 வரும் வரை 32 எம்பிதான். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் அதற்கு முந்தைய வருடமே 9.3-இல் பெரும்பகுதியை வேறு வழிக்கு மாற்றிக்கொண்டது. அதுவரை சர்வரைப் பார்த்துக்கொள்ளும் எத்தனை அட்மின்கள் முதல் நாளிலேயே அதில் முட்டி நின்றோம்!

இந்த அட்மின் என்கிற வார்த்தை வந்தாலே சிலருக்கு முகம் மாறுவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் போன் எங்களுக்குத்தான் வருகிறது. கர்னலை எழுதியவர் தூங்குகிறார். அப்படி இருக்கும்போது அந்த எண்ணைத் தொட எங்களுக்குத் தகுதி இல்லை என்று எந்த முகத்தோடு சொல்கிறீர்கள்? சிரித்தவர்களில் என் நண்பர்களும் இருந்தார்கள், இதைப் படிப்பார்கள், படிக்கட்டும்.

டெஸ்ட் செய்யும் வேலை கூடும் என்ற ஆட்சேபம் மட்டும் நியாயமானது. அதற்கும் வழி இருக்கிறது. மேல் எல்லை ஒன்று, கீழ் எல்லை ஒன்று வையுங்கள். அதற்கு வெளியே யாராவது எண் கொடுத்தால் பழைய 64-ஐயே எடுத்துக்கொண்டு, என்ன கேட்டார்கள், என்ன எடுத்துக்கொண்டேன் என்று பூட் லாக்கில் ஒரு வரி எழுதிவிட்டு மெஷின் மேலே போகட்டும்.