ஒரு ஜாக் போனதுக்கு முழு யூனிட்டையும் மாத்தணுமா?

ஒரு பக்க ஸ்பீக்கர்தான் பாடும். ஒயரைக் கொஞ்சம் திருகினா ரெண்டும் பாடும். வண்டி பள்ளத்துல இறங்கினதும் கரகரன்னு ஒரு இரைச்சல், அப்புறம் மொத்தமா ஆஃப். கார் மியூசிக் சிஸ்டத்துல போன் ஒயரைச் சொருகற துளை, அதாவது ஆக்ஸ் ஜாக், போனா இதுதான் கதி. சர்வீஸ்ல காட்டினா, கழட்டிக்கூடப் பார்க்காம "யூனிட்டையே மாத்தணும்"னு சொல்றாங்க. வயிறு எரியுதுங்க! சத்தத்தைக் கூட்டற ஆம்ப் நல்லா இருக்கு, ஸ்பீக்கர் நல்லா இருக்கு, டிஸ்ப்ளே நல்லா இருக்கு. போனது ஒரு 3.5 மி.மீ. சாக்கெட். அதுக்கு எதுக்கு முழுப் பெட்டியைத் தூக்கிப் போடணும்?

இது சீக்கிரம் போறதுக்குக் காரணமும் தயாரிக்கிறவங்கதான். நிறைய மாடல்ல ஜாக்கைப் பேனலோட இறுக்க நட்டே கிடையாது. உள்ள இருக்கிற சர்க்யூட் போர்டுல நாலைஞ்சு பின்னைப் பத்தவெச்ச ஈயம்தான் (சால்டர்) முழுப் பாரத்தையும் தாங்குது. வெளிய நீட்டிட்டு இருக்கிற பிளக்ல முட்டி இடிச்சாலோ, போன் நழுவி ஒயர் இழுபட்டாலோ, அந்த அழுத்தம் எல்லாம் நேரா ஈயத்துக்குப் போகும். லென்ஸ் வெச்சுப் பாருங்க, பின்னைச் சுத்தி மயிரிழை மாதிரி ஒரு வட்ட விரிசல் தெரியும். நட்டு போட்டு இறுக்கற ஜாக் எத்தனையோ வருஷமா இருக்கு. அதைப் போடாதது சுத்தக் கஞ்சத்தனம்.

கழட்டறதுக்கு முன்னாடி வேற ஒயர், வேற போன் போட்டுப் பாருங்க. பிளக் கழுத்துல ஒயர் அறுந்திருந்தாலும் இதே தொல்லைதான் வரும். போன் கவர் தடிமனா இருந்தா பிளக் முழுசா உள்ள போகாது. பாட்டுல குரல் மட்டும் காணாமப் போய், இசை குகைக்குள்ள கேக்கற மாதிரி இருந்தா கிரவுண்டு, அதாவது ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான இணைப்பு, விட்டுப்போச்சுன்னு அர்த்தம். இடது, வலது ரெண்டுக்கும் பொதுவா இருக்கிற குரல் ஒண்ணையொண்ணு அடிச்சிடும். ஒயர் சரின்னா ஜாக்ல கிரவுண்டுக்கான ஸ்லீவ் பின்னைத்தான் முதல்ல சந்தேகப்படணும்.

உப்புத்தாளைச் சுருட்டி உள்ள தேய், ஊசி விட்டு நெம்புன்னு சொல்றவங்க பேச்சை தயவுசெய்து கேக்காதீங்க. தேய்ச்சா முலாம் போயிடும், நெம்பினா ஸ்பிரிங் தகடு வளைஞ்சிடும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைச்ச மெல்லிசு பஞ்சுக்குச்சி போதும். அதுக்கும் சரியாகலைன்னா மாத்திடுங்க.

பேட்டரியைக் கழட்டி மாட்டினா ரேடியோ கோடு கேக்கற மாடலா இருந்தா அதை முதல்ல எழுதி வெச்சுக்கணும். அப்புறம் பேட்டரி நெகட்டிவைக் கழட்டி, ஏர்பேக் பக்கத்துல கை வைக்கறதா இருந்தா சில நிமிஷம் விட்டுடுங்க. யூனிட்டைச் சுத்தி இருக்கிற டிரிம் மூடியைப் பிளாஸ்டிக் நெம்பி வெச்சே எடுங்க. ஸ்க்ரூ டிரைவர் போட்டா தழும்பு விழும், கிளிப்பும் உடையும். ஜாக் தனிச் சின்ன போர்டுல இருந்தா பாதி வேலை மிச்சம்.

பழைய ஜாக்கை எடுக்கற இடத்துலதான் நிறைய பேர் போர்டையே கெடுத்துடறாங்க. கம்பெனி சால்டர் பெரும்பாலும் லெட்-ஃப்ரீ, நிஜ ஈயம் கலக்காதது. அது உருக 217 டிகிரி செல்சியஸுக்கு மேல வேணும். 63/37 சால்டர் (63% வெள்ளீயம், 37% ஈயம்) 183-லயே உருகும். அதனால சால்டரிங் அயர்னை 350-ல வெச்சு, சால்டர் நல்லாப் பிடிக்க உதவற பிளக்ஸ் பசையைத் தடவி, ஒவ்வொரு பின்னுலயும் கொஞ்சம் 63/37 சேருங்க. ரெண்டும் கலந்ததும் உருகின சால்டரை இழுக்கற சக்கர்ல சுலபமா உறிஞ்சிடலாம். முழுசா வராட்டி இழுக்காதீங்க! இழுத்தா போர்டுல பின்னைப் பத்தவைக்கிற செம்புத் தகடு, அதாவது பேடு, பெயர்ந்து வந்துடும், அப்புறம் ஜம்பர் ஒயர்தான் கதி. எப்படியும் குப்பைக்குப் போற ஜாக்தானே, கட்டர்ல உடம்பைத் துண்டு துண்டா வெட்டி எடுத்துட்டு, பின்னை ஒண்ணொண்ணாச் சூடாக்கி உருவுங்க. போர்டுக்குச் சேதாரம் ரொம்பக் குறைவு.

புது ஜாக்கைப் பார்வையில வாங்காதீங்க. பின் எண்ணிக்கை, பின்களுக்கு நடுவுல தூரம், போர்டுல இருந்து துளை மையம் வரைக்கும் உயரம், வெளிய நீட்டற குழாய் நீளம் எல்லாத்தையும் வெர்னியர்ல அளக்கணும். உயரம் 1 மி.மீ. தப்பினாலும் பேனல் துளையோட ஒட்டாது. 3 பின் போதுமேன்னு 5 பின் இருந்த இடத்துல போடறது இன்னொரு கொடுமை. கூடுதல் பின்கள் சுவிட்சு. சில யூனிட் அதை வெச்சுத்தான் பிளக் உள்ள வந்ததையே கண்டுபிடிக்குது. அது இல்லைன்னா ஆக்ஸ் மெனுவே வராது.

மூடறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர் எடுங்க. ஒயரோட ஒரு முனையை ஜாக்ல சொருகி, மறு முனையைப் போன்ல மாட்டாம விடுங்க. அந்தப் பிளக் நுனியில இருந்து போர்டுல இடது பேடு, நடு வளையத்துல இருந்து வலது பேடு, அடியில இருந்து கிரவுண்டு வரைக்கும் அளந்து பாருங்க. ஒவ்வொண்ணும் 1 ஓம் கிட்ட இருக்கணும், ஆட்டினாலும் எண் குதிக்கக் கூடாது. மூணுக்கும் நடுவுல பீப் அடிச்சா எங்கயோ ஈயம் பாலம் போட்டிருக்கு.

அதே அளவு ஜாக் கிடைக்கலையா? நட்டு வெச்ச பேனல் ஜாக்கை வாங்கி, பெரும்பாலும் 6 மி.மீ. துளை போதும், இரைச்சல் புகாம மேல வலை சுத்தின ஷீல்டு ஒயர்ல போர்டோட இணைச்சிடுங்க. சுவிட்சு பின் இருந்த போர்டுன்னா சுவிட்சு வெச்ச பேனல் ஜாக்காப் பாருங்க. ஒயரை உள்ள ஒரு பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டுங்க. இனி இடிச்சா நட்டு தாங்கும், ஈயம் தப்பிக்கும். கம்பெனி செய்ய வேண்டிய வேலை இது.

எல்லாம் முடிஞ்ச பிறகு, போனைச் சார்ஜர்ல போட்டதும் கொய்ங்ன்னு சத்தம் வந்து, ஆக்ஸிலரேட்டர் மிதிக்க மிதிக்க ஏறுச்சுன்னா ஜாக்கைத் திட்டாதீங்க, திரும்பக் கழட்டவும் செய்யாதீங்க. அது கிரவுண்டு லூப், சார்ஜர் வழியா ஒண்ணு, ஆக்ஸ் ஒயர் வழியா ஒண்ணுன்னு கிரவுண்டு ரெண்டு வழியில சேர்றதால வர்ற இரைச்சல். சார்ஜரை உருவினா நின்னுடும். போனுக்கும் ஜாக்குக்கும் நடுவுல, ஆக்ஸ் ஒயர்ல, ஒரு கிரவுண்டு லூப் ஐசோலேட்டர் போடுங்க.