லைப்ரரி வாலண்டியர் கைக்குப் போனா கவுன்சில் பொறுப்பு முடிஞ்சுதா?

மேல ஒருத்தர் "இங்கிலாந்துல லைப்ரரிய ஊர்மக்கள்கிட்ட குடுத்துட்டா கவுன்சிலுக்கு (அங்க உள்ளாட்சி நிர்வாகம்) அதோட பொறுப்பு முடிஞ்சுது, கோர்ட்டும் கேக்காது"ன்னு போட்டிருக்காரு, ஸாரி பிரதர், ரெண்டுமே தப்பு. 1964 பொது நூலகச் சட்டம் இன்னும் உயிரோடதான் இருக்கு, ஏரியா முழுக்க திறமையான, முழுமையான நூலகச் சேவை குடுக்கறது கவுன்சிலோட கடமைன்னு அதுல இருக்கு. ஒரு கிளைய வாலண்டியர்ங்க கிட்ட குடுத்தாலும் அந்தக் கடமை அவங்க தோளுக்கு மாறாது. சட்டப்படி குடுக்க வேண்டிய சேவையோட கணக்குல இருந்தே அந்தக் கிளைய எடுத்துட்டா கூட, மீதி இருக்கற கிளைங்களே போதும்னு கவுன்சில்தான் காட்டணும்.

கோர்ட் விஷயம் இன்னும் மோசம். இங்கிலாந்துல இருக்கற சர்ரே கவுன்டியோட கவுன்சில் 10 லைப்ரரிய வாலண்டியர் கைக்கு மாத்தப் போய் 2012ல ஹைகோர்ட்ல அடி வாங்குச்சு, மாத்துறதே கூடாதுன்னு இல்ல, மாற்றுத்திறனாளி மாதிரி ஆளுங்கள கவனிக்க அந்த வாலண்டியர்களுக்கு என்ன ட்ரெய்னிங்னு ஒழுங்கா யோசிக்காம முடிவெடுத்ததுக்குத்தான். அதுக்கு முந்தின வருஷமே க்ளாஸ்டர்ஷயர், சாமர்செட் கவுன்சில் ரெண்டும், இந்த மாதிரி ஆளுங்களுக்கு என்ன பாதிப்பு வரும்னு ஒழுங்கா பாக்காத இதே சமத்துவ விஷயத்துலதான் கோர்ட்ல மாட்டுச்சு.

ஆனா ஒண்ணு, எதிர்க்கறவங்க சொல்ற மாதிரி கோர்ட் இத நிரந்தரமா தடுத்துருச்சுன்னும் இல்ல. சர்ரே மறுபடி யோசிச்சு முடிவெடுத்து அந்தத் திட்டத்தையே நடத்திருச்சு. கட்டடம், புத்தகம், கம்ப்யூட்டர் எல்லாம் அங்க கவுன்சிலோடதுதான், அதனால கவுன்சிலுக்கு செலவே இல்லங்கறதும் கதை. சம்பளம் வாங்கற ஸ்டாஃப் பண்ண வேலையத்தான் வாலண்டியர்ங்க எடுத்துக்கிட்டாங்க, அத யாரும் இங்க பேசவே மாட்டேங்கறீங்க.