வாசனை திரும்ப மூன்று மாதக் கெடு எதுவும் கிடையாது
“கொரோனா வந்து மூன்று மாதமாகியும் வாசனை வரவில்லையா, நரம்பு செத்துவிட்டது, இனி வராது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. பாவம், படிக்கிறவர்கள் மனம் உடைந்துபோவார்கள்.

அந்த வைரஸ் முக்கியமாகத் தாக்குவது மணத்தை உணரும் நரம்பு செல்களை அல்ல, அவற்றைத் தாங்கி நிற்கும் துணைச் செல்களை. நரம்பு செல்களே அழிந்தாலும், மூக்கின் உள்ளே மேற்பகுதியில் உள்ள அடிச்செல்களிலிருந்து புதியவை உருவாகும். அதற்குக் காலம் பிடிக்கும். ஒரு வருடம் கழித்துத் தேறியவர்களும் உண்டு. எல்லோருக்கும் முழுதாகத் திரும்பிவிடும் என்று நான் சொல்லவில்லை. நடுவில் காபி, வெங்காயமெல்லாம் கருகல் நாற்றமாகத் தெரியலாம். பலருக்கு அது மீளும் கட்டத்தில் வருவதுதான்.

சும்மா காத்திருக்கவும் வேண்டாம். ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹம்மல் என்ற ஆய்வாளரின் குழு 2009-ல் வெளியிட்ட முகர்தல் பயிற்சி இருக்கிறது: ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு வாசனைகளைக் காலையும் மாலையும் 12 வாரம் கவனமாக முகர வேண்டும். அப்புறம், துத்தநாக ஜெல்லை மூக்கில் போடச் சொன்னால் கேட்காதீர்கள். அதுவே மோப்பத்தைக் கெடுக்கும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதே 2009-ல் எச்சரித்தது. வாசனை தெரியாதவர் வீட்டில் கேஸ் கசிவு அலாரம் ஒன்று மாட்டிவிடுங்கள்.